கூரைக்கு மேல் கிடைத்த பணம்: தென்னாப்பிரிக்க நீதிமன்றங்கள் ஆதாரத்தை ஏன் தள்ளிவிடுகின்றன?

நட்டாலில் நடந்த ஒரு பெரும் கொள்ளையின் பணத்தில் ஒரு பகுதி, ஒரு வீட்டின் கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. போலீஸ் அதைக் கண்டெடுத்தது. வீடு யாருடையது என்பதில் தகராறு இல்லை. இருந்தும், பணம் கிடைத்த விவரத்தை அந்த வீட்டுப் பெண்ணுக்கு எதிரான ஆதாரமாக ஏற்க முடியாது என்று புளூம்ஃபொண்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாக முடிவு செய்தது. அவர் விடுதலையானார். 2004ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் ‘அரசு எதிர் பிள்ளை’ என்ற பெயரில் வெளியான தீர்ப்பு இது. வழக்கின் பெயரைப் பார்த்தாலே டர்பனின் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கும் நம் ஆட்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: பணமே கையில் கிடைத்த பிறகு இது என்ன நியாயம்?

கேள்வி நியாயமானதுதான். வாசலுக்குக் கம்பிக் கதவு, ஜன்னலுக்குக் கம்பி, மாதா மாதம் தனியார் காவலுக்குக் கட்டணம் என்று வாழ்கிற மக்களிடம் போய், கிடைத்த ஆதாரத்தைக் கோர்ட் தூக்கி எறிந்தது என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் கோர்ட் எதை, எந்தக் கணக்கில் தள்ளுகிறது என்று தெரிந்துகொண்டு கோபப்படுவது நல்லது.

எல்லாம் 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 35(5) பிரிவிலிருந்து தொடங்குகிறது. உரிமைச் சாசனத்தில் உள்ள ஏதாவது ஓர் உரிமையை மீறி ஓர் ஆதாரம் பெறப்பட்டிருந்தால், அதை ஏற்பது விசாரணையை நியாயமற்றதாக்கும் என்றாலோ, வேறு விதத்தில் நீதி நிர்வாகத்துக்குக் கேடு செய்யும் என்றாலோ, அதைத் தள்ளியே ஆக வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. உரிமை மீறப்பட்டது என்று காட்டிவிட்டால் மட்டும் ஆதாரம் தானாக விழுந்துவிடாது. அந்த இரண்டு கேடுகளில் ஒன்றாவது இருக்க வேண்டும். கனடாவின் 1982ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தில் இருக்கும் ஏற்பாட்டை ஒட்டியது இது. ஹாலிவுட் படங்களில் பார்த்துப் பழகிய அமெரிக்க முறையை வைத்துக்கொண்டு, “எனக்கு உரிமையைப் படித்துச் சொல்லவில்லை, வழக்கு முடிந்தது” என்று டர்பன் கோர்ட்டில் யாராவது நினைத்தால் ஏமாந்துதான் போவார்.

அதற்கு முன்னால் இந்த நாட்டுக் கோர்ட்டுகள் எப்படி இருந்தன? ஆங்கிலேயச் சட்ட வழக்கப்படி, பொருள் வழக்கோடு தொடர்புடையதா என்பதே கேள்வி. எப்படிக் கிடைத்தது என்பது போலீஸின் சங்கதி. கட்டாயப்படுத்தி எடுத்த உள்ளங்கை ரேகை செல்லும் என்று 1941இல் ஒரு தீர்ப்பு. 1943இல் வந்த இன்னொன்று இதைவிடப் பெரிய வாசலைத் திறந்தது. கைதானவர் ஓர் இடத்தையோ பொருளையோ சுட்டிக்காட்டினால், அவர் கொடுத்த வாக்குமூலம் செல்லாவிட்டாலும் சுட்டிக்காட்டியது செல்லும் என்றார்கள். வாயால் சொன்னது செல்லாது, விரலால் காட்டியது செல்லும். அடித்து உதைத்து ஒருவரைக் காரில் ஏற்றி, “எங்கே புதைத்தாய், காட்டு” என்று கேட்டால் போதும். கோர்ட்டில் அது சாட்சியம். இந்த ஓட்டையை அடைக்க 1991 வரை ஆனது. அந்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், சுட்டிக்காட்டுவதும் ஒரு வகை ஒப்புதல்தான், அதுவும் சுய விருப்பத்தோடு இருக்க வேண்டும் என்று ஷீஹாமா வழக்கில் சொன்னது.

நடுவே போன அந்த ஐம்பது ஆண்டுகளில்தான் நிறவெறி அரசு தன் காவல் சட்டங்களைக் கட்டி எழுப்பியது. 1963இல் 90 நாள் சட்டம், 1965இல் அதுவே 180 நாள், 1967இல் பயங்கரவாதச் சட்டம் என்ற பெயரில் கால வரம்பே இல்லாத காவல். வக்கீலைப் பார்க்க முடியாது, வீட்டாரைப் பார்க்க முடியாது. அறைக்குள் நடந்ததற்குப் போலீஸ் சொல்வதே சாட்சி. 1971இல் ஜோஹன்னஸ்பர்க் ஜான் வொர்ஸ்டர் சதுக்கக் காவல் நிலையத்தின் பத்தாவது மாடியிலிருந்து நிறவெறி எதிர்ப்பாளர் அஹ்மத் திமோல் விழுந்து இறந்தார். தற்கொலை என்று மரண விசாரணை முடித்துவைத்தது. 2017இல் மறுபடி விசாரித்தபோது அவர் தள்ளிவிடப்பட்டார், அது கொலை என்று நீதிபதி கண்டார். டர்பனில் பிரைட்டன் பீச் காவல் நிலையத்தில் 1977 ஆகஸ்டில் இறந்த பல் மருத்துவர் ஹூசன் ஹஃபெஜிக்கு 26 வயது. உடலெங்கும் காயங்கள். அதையும் தூக்குப் போட்டுக்கொண்டார் என்றே எழுதி முடித்தார்கள். அந்த முடிவு 2023இல்தான் ரத்தானது. 35ஆவது பிரிவை எழுதிய தலைமுறைக்கு இந்தப் பெயர்கள் செய்தித்தாளில் படித்த பெயர்கள் அல்ல. கூட இருந்தவர்களின் பெயர்கள். அந்தப் பிரிவு ஏன் இவ்வளவு நீளம், ஏன் இவ்வளவு நுணுக்கம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சரி, இன்றைய நடைமுறைக்கு வருவோம். முதலில் வாயிலிருந்து வருவது.

1977ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம், பிரிவு 217. ஒப்புதல் வாக்குமூலம் சுதந்திரமாக, சுய விருப்பத்தோடு, தெளிந்த புத்தியோடு, யாருடைய தகாத தூண்டுதலும் இல்லாமல் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். சாதாரண கான்ஸ்டபிளிடம் கொடுத்தது செல்லாது. மாஜிஸ்திரேட் அல்லது சமாதான நீதிபதி முன்னால் உறுதிசெய்து எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த இடத்தில் இந்தியச் சட்டம் தெரிந்தவர்கள் தடுக்கி விழுவார்கள். இந்தியாவில் எந்தப் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது. தென்னாப்பிரிக்காவிலோ பதவி ஆணை பெற்ற மேல்நிலைப் போலீஸ் அதிகாரிகள் பதவி வழியாகவே சமாதான நீதிபதிகளும் ஆகிவிடுகிறார்கள். ஆக, விசாரிக்கும் அறைக்கு நாலு கதவு தள்ளி உட்கார்ந்திருக்கும் வேறொரு அதிகாரியே வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளலாம். சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பும் அதே கட்டடத்துக்குள் குடியிருக்கிறது. எனக்கு இது பிடித்த ஏற்பாடு இல்லை.

மறுபக்கம், வீட்டுச் சோதனை விஷயத்தில் நிலைமை தலைகீழ். இந்திய உச்ச நீதிமன்றம் 1974இல் பூரண்மல் வழக்கில், சோதனை சட்டத்துக்கு முரணாக நடந்திருந்தாலும் கிடைத்த பொருள் செல்லும் என்றது. தென்னாப்பிரிக்கா அந்த இடத்தில் கறாராக இருக்கிறது.

வாக்குமூலம் பற்றி இன்னொன்று. மாஜிஸ்திரேட் முன்னால் எழுதிய ஒப்புதல் மேலோட்டமாகச் சரியாக இருந்தால், அது சுய விருப்பத்தோடு தந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவர் பாடு என்று பழைய சட்டம் சொன்னது. நட்டாலிலிருந்து போன ஒரு வழக்கில் 1995 ஏப்ரலில் அரசியல் சட்ட நீதிமன்றம் அதை அடித்தது. புதிய நீதிமன்றம் தந்த முதல் தீர்ப்பே அதுதான். வழக்கின் பெயர் ‘அரசு எதிர் ஜுமா’. பின்னாளில் அதிபரானவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அன்றிலிருந்து, அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது அரசின் வேலை.

இது முடிவாகும் இடம் ‘விசாரணைக்குள் விசாரணை’. பெரிய வழக்கை நிறுத்திவைத்து, இந்த ஒரு வாக்குமூலம் செல்லுமா என்பதற்கு மட்டும் தனியாகச் சாட்சிகளை அழைப்பார்கள். எழுதிய அதிகாரி, கூட்டிவந்த காவலர், மருத்துவர், குற்றம் சாட்டப்பட்டவர். ஜூரி முறை 1969லேயே ஒழிந்துவிட்டதால் தள்ளப்பட்ட வாக்குமூலத்தைப் பற்றிக் கேட்டவரும், கடைசியில் குற்றவாளியா இல்லையா என்று சொல்பவரும் ஒரே நீதிபதி. கேட்டதை மனத்திலிருந்து எடுத்துவிட்டேன் என்று அவர் சொல்வதை நாம் நம்ப வேண்டியதுதான்.

அடுத்தது வீடு. சாட்ஸ்வொர்த்தில் ஒரு வரிசை வீடு என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை நாலரை. கதவு தட்டப்படுகிறது. முன்கதவருகே கொடிமரத்துச் சிவப்புக் கொடி இன்னும் இருட்டில் தெரியவில்லை. கதவைத் திறக்கிறவர் ஆயா. மகன் இரவு ஷிஃப்டுக்குப் போயிருக்கிறான், பேரன் உள்ளே தூங்குகிறான். “பார்க்கலாமா பாட்டி?” என்று கேட்டுக்கொண்டே ஆறு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். ஆயா “வாங்க” என்றுதான் சொன்னார். வாசலில் வந்து நிற்கும் போலீஸ்காரரிடம் வேறு என்ன சொல்வது? பேரனின் அலமாரியில் ஒரு துப்பாக்கி கிடைக்கிறது. இது சம்மதத்தோடு நடந்த சோதனையா?

சட்டத்தின் விதி இது: அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவு வீட்டைச் சோதனையிலிருந்து காக்கிறது. வாரண்ட் வேண்டும். வாரண்ட் இல்லாமல் நுழைய இரண்டே வழி, குற்ற நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 22இல். ஒன்று, சம்மதிக்க உரிமை உள்ளவரின் சம்மதம். இன்னொன்று, கேட்டால் வாரண்ட் நிச்சயம் கிடைத்திருக்கும், ஆனால் கேட்கப் போனால் காரியம் கெட்டுவிடும் என்று நம்பத் தகுந்த காரணம் இருப்பது. சம்மதம் என்றால் எதற்காகத் தேடுகிறார்கள், மறுக்கலாம் என்பதெல்லாம் தெரிந்து கொடுப்பது. யாருடைய சம்மதம் என்பதும் முக்கியம். 1996இல் கேப் டவுனில் மோட்லவுட்ஸி வழக்கில், ஒருவர் தங்கியிருந்த அறையை வாரண்ட் இல்லாமல், செல்லத்தக்க சம்மதமும் இல்லாமல் சோதனை போட்டார்கள். தெரிந்தே செய்த மீறல் என்று சொல்லி நீதிபதி, கிடைத்த பணத்தைத் தள்ளினார். 2016இல் குமேடே வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும், வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்து எடுத்த துப்பாக்கியை ஏற்க மறுத்தது. நம் கற்பனைப் பேரனின் வக்கீல் முதலில் எடுத்து வைப்பது இந்தத் தீர்ப்பாகத்தான் இருக்கும். போலீஸ் பதிலுக்கு, அன்று இரவே ஆயுதம் கைமாறப் போவதாகத் தகவல் வந்தது என்று சொல்லும். தகவல் எத்தனை மணிக்கு வந்தது, நுழைந்தது எத்தனை மணிக்கு, நடுவில் மாஜிஸ்திரேட்டைத் தேடினார்களா என்பதில்தான் வழக்கு நிற்கும்.

சட்டமே வாரண்டைத் தவிர்க்க இடம் கொடுத்திருந்த சில பிரிவுகளையும் அரசியல் சட்ட நீதிமன்றம் ஒவ்வொன்றாக வெட்டியது. போதைப்பொருள் சட்டத்தில் இருந்த வாரண்ட் இல்லாச் சோதனை அதிகாரம் 2016இல் போனது. வட்டாரம் முழுவதையும் வளைத்து வீடு வீடாகத் தேடலாம் என்ற போலீஸ் சட்டப் பிரிவு, ஜோஹன்னஸ்பர்க் நடுநகரக் குடியிருப்புவாசிகள் தொடர்ந்த வழக்கில், வீடுகளைப் பொறுத்தவரை 2021இல் செல்லாமல் போனது. வாரண்ட் இருந்தால் மட்டும் போதாது, படித்தால் புரிய வேண்டும் என்று 2011இல் ஒரு தீர்ப்பு: எந்தச் சட்டப்படி, என்ன குற்றத்துக்காக, யார், எங்கே, எதைத் தேடுகிறார்கள் என்பது அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.

இப்போது கூரைப் பணத்துக்கு வரலாம். அந்தக் கொள்ளை விசாரணையில் தொலைபேசியை ஒட்டுக்கேட்கப் போலீஸ் ஒரு நீதிபதியிடம் அனுமதி வாங்கியிருந்தது. ஆனால் அனுமதி கேட்டு வைத்த விவரத்தில் பொய் இருந்தது. இதே கொள்ளையை ஒட்டிய நாயுடு வழக்கில் 1998லேயே நட்டால் உயர் நீதிமன்றம் அந்தப் பதிவுகளைத் தள்ளியிருந்தது. அந்த ஒட்டுக்கேட்பில் கிடைத்த துப்பை வைத்துத்தான் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். பிறகு, ஒத்துழைத்தால் உன்மேல் வழக்கு வராது, சாட்சியாகத்தான் நிறுத்துவோம் என்ற வாக்குறுதியின் பேரில் அவர் இடத்தைக் காட்டினார். பணம் கிடைத்தது. அவர்மேல் வழக்கும் வந்தது.

கீழ்க் கோர்ட் ஏற்றுக்கொண்டது. மேல் கோர்ட்டின் பெரும்பான்மை வேறு விதமாகப் பார்த்தது. பண நோட்டு பொய் சொல்லாது. அடித்தாலும் அணைத்தாலும் அது அதே நோட்டுதான். அதனால் அதை ஏற்பது விசாரணையை நியாயமற்றதாக்கிவிடாது. ஆனால் நீதிபதியிடமே பொய் சொல்லி வாங்கிய அனுமதி, காப்பாற்றாத வாக்குறுதி, இந்த இரண்டின் மேல் நின்று கிடைத்த பொருளைக் கோர்ட் கைநீட்டி வாங்கிக்கொண்டால், அது நீதி நிர்வாகத்துக்குக் கேடு. 35(5) இல் இருக்கும் இரண்டாவது வாசல் இதற்குத்தான். நீதிபதி ஸ்காட் உடன்படவில்லை. குற்றம் பெரியது, பொருள் நிஜம், தள்ளிவிட்டால்தான் மக்கள் நீதியின்மேல் நம்பிக்கை இழப்பார்கள் என்கிற பக்கத்தில் அவர் நின்றார். சாட்ஸ்வொர்த்தின் கோபம் அவர் பேனாவில் இருந்தது என்றும் சொல்லலாம். எனக்கு அவருடைய வாதத்தின் பலம் தெரிகிறது. ஆனாலும், வாக்குக் கொடுத்து வாங்கிய பொருளை வைத்தே அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதை எந்த வாதமும் சரிக்கட்டவில்லை என்றே நினைக்கிறேன். இனிமேல் எந்தச் சாட்சி போலீஸை நம்பி வாயைத் திறப்பார்?

சித்திரவதை என்று வரும்போது இந்த எடை போடுதலுக்கே இடமில்லை. 2008இல் சட்ட அறிக்கைகளில் வந்த ம்தெம்பு வழக்கு குவாசூலு-நட்டாலைச் சேர்ந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு முன்னாள் போலீஸ்காரர் என்பது கூடுதல் கசப்பு. அவருக்கு எதிரான முக்கியச் சாட்சிக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்துத்தான் ஒரு வண்டியையும் ஓர் உலோகப் பெட்டியையும் கண்டுபிடித்திருந்தார்கள். ஆண்டுகள் கழித்து அந்தச் சாட்சி கோர்ட்டில் நின்று யார் வற்புறுத்தலும் இல்லாமல் பேசினார். போலீஸ் அடித்தது குற்றம் சாட்டப்பட்டவரை அல்லவே, மூன்றாவது ஆளைத்தானே என்று அரசுத் தரப்பால் கேட்க முடியும். கோர்ட் அதற்கு இடம் தரவில்லை. 35(5) யாருடைய உரிமை என்று பிரிக்கவில்லை. சித்திரவதையில் கிடைத்தது எந்த வழக்கிலும், யாருக்கு எதிராகவும் செல்லாது. வண்டியும் பெட்டியும் கோர்ட்டுக்கு வெளியே போயின. அதே காலத்தில் தந்துவா வழக்கில் நீதிபதி கேமரனும், சித்திரவதையின் கறை பொருளிலும் ஒட்டிக்கொண்டுவிடுகிறது, கழுவ முடியாது என்ற கருத்தில் எழுதினார்.

எல்லா நீதிபதிகளும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். 1998இல் நட்டாலிலேயே ங்கோபோ வழக்கில் நீதிபதி காம்ப்ரிங்க், இவ்வளவு வன்முறை நடக்கும் நாட்டில் இப்படி ஆதாரத்தைத் தள்ளிக் குற்றவாளியை விட்டால் மக்களுக்கு அதிர்ச்சியும் ஆத்திரமும்தான் வரும் என்று வெளிப்படையாகவே சொன்னார். அரசியல் சட்ட நீதிமன்றமும் 1996இல், சில சமயம் தள்ளுவது நியாயம், சில சமயம் ஏற்பதே நியாயம் என்று கதவை இரண்டு பக்கமும் திறந்தே வைத்தது. அவசரத்தில் நல்லெண்ணத்தோடு செய்த தவறு, வாரண்டில் ஒரு சின்னக் குறை, எப்படியும் கிடைத்திருக்கக்கூடிய பொருள், இவற்றிலெல்லாம் ஆதாரம் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். நாளிதழில் வருவது தள்ளப்பட்ட வழக்குகள். ஏற்கப்பட்டவை செய்தியாவதில்லை.

தீர்ப்புகளைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது, இந்த வழக்குகள் பெரிய தத்துவத்தில் வெல்வதோ தோற்பதோ இல்லை, தாளில்தான் என்பது. காவல் நிலையத்துச் சார்ஜ் ஆபீஸில் கைதானவருக்குக் கொடுக்கும் உரிமை அறிவிப்புப் படிவம், 14ஏ. அதில் கையெழுத்து எத்தனை மணிக்கு? வாக்குமூலம் அதற்கு முன்னாலா பின்னாலா? நிலையத்தின் நிகழ்வுப் பதிவேட்டில் கைதியை வெளியே கூட்டிப்போனதாக, திரும்பக் கொண்டுவந்ததாக என்ன எழுதியிருக்கிறது? மருத்துவர் காயங்களைக் குறிக்கும் ஜே88 படிவம் யார் கேட்டு, எந்தத் தேதியில் நிரப்பப்பட்டது? 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம், ஆனால் அந்த நேரம் கோர்ட் வேலை நேரத்துக்கு வெளியே முடிந்தால் அடுத்த வேலை நாள்வரை நீளும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைது செய்வதில் இருக்கும் சௌகரியம் எல்லா நிலையங்களுக்கும் தெரியும். சனி ஞாயிறில் விழுந்த வீக்கம் திங்கட்கிழமை வடிந்திருக்கும். முதல் தடவை மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போதே “என்னை அடித்தார்கள்” என்று சொல்லி அது பதிவாகியிருந்தால் ஒரு வழக்கு. இரண்டு வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில் முதல் முறையாகச் சொன்னால் அது வேறு வழக்கு. அரசுச் செலவில் வக்கீல் உண்டு, ஆனால் அவர் வந்து சேர்வதற்குள் அறையில் பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்திருப்பார்கள்.

மொழியும் இங்கேதான் வருகிறது. உரிமைகளைச் சொல்வது என்றால், அந்த ஆளுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்று 35(4) கட்டளையிடுகிறது. 1860இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு ஆங்கிலமே வீட்டு மொழியாகிவிட்டதால் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. கோபுர வேலைக்கு வந்த ஸ்தபதி, கடைச் சமையலுக்கு வந்த பையன், இலங்கையிலிருந்து வந்து கடையில் நிற்கிறவர், இவர்களை நினைத்துப் பாருங்கள். பர்மிட் சோதனை என்று ஆரம்பித்து, வேறு ஏதோ விசாரணையாக மாறி, ஆங்கிலத்தில் படித்துக் காட்டிய 14ஏ படிவத்தில் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டிருப்பார். இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 6ஆவது பிரிவு, மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் தமிழையும் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்குச் சார்ஜ் ஆபீஸில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருப்பதில்லை. கடை முதலாளியே மொழிபெயர்த்தார் என்றால், அந்த முதலாளிக்கு வழக்கில் என்ன அக்கறை என்று எந்த நல்ல வக்கீலும் கேட்பார். கையெழுத்து இருக்கிறது என்பதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இந்தப் பழைய சண்டை இப்போது கைபேசிக்கு நகர்ந்திருக்கிறது. கைரேகையை, கண் காது மூக்கு அடையாளங்களைப் போலீஸ் எடுப்பது 1941 உள்ளங்கை வழக்கிலிருந்தே வாக்குமூலமாகக் கருதப்படுவதில்லை. அதற்குத் தனிச் சட்டப் பிரிவே உண்டு. விரலை வைத்துப் பூட்டைத் திறக்கச் சொன்னால் அந்த வரிசையில் சேர்க்கலாம் என்று அரசுத் தரப்பு வாதிட முடியும். ரகசிய எண் அப்படியல்ல. அது தலைக்குள் இருப்பது, வாய் வழியாகத்தான் வர வேண்டும், வாய்க்கு மௌன உரிமை உண்டு. 2020ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டம் கைபேசியைத் தேட வாரண்டைப் பொது விதியாக வைத்து, தேடுதலுக்குத் தொழில்நுட்ப உதவி செய்ய மற்றவர்களைக் கட்டாயப்படுத்துகிறது. சந்தேகத்துக்கு உள்ளானவரை மட்டும் அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கியிருக்கிறது. அதனால் சாலையோரம் வண்டியை நிறுத்தி, “ஃபோனைத் திற, சும்மா பார்க்கிறேன்” என்று ஓர் அதிகாரி கேட்டால், அது சட்டத்தின் கட்டளை அல்ல, சம்மதம் கேட்பது. திறந்து கொடுத்த பிறகு அது எப்படிப்பட்ட சம்மதம் என்று வாதாட வேண்டியது திறந்து கொடுத்தவரின் வக்கீல்.